இரண்டாவது பாட்டில்

"ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு வண்டியிலிருந்தும் எடுக்கப்படும் எரிபொருள் மாதிரி, இதற்கு முன் எதற்கும் பயன்படாத, உலர்ந்த இரண்டு கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பப்பட்டு, அரக்கு முத்திரை இடப்பட வேண்டும். ஒன்று சங்கத்தின் பொறுப்பிலும் மற்றது போட்டியாளரின் பொறுப்பிலும் இருக்கும். பரிசோதனை முடியும்வரை இரண்டையும் எவரும் திறக்கலாகாது."

இது மோட்டார் சங்கத்தின் பதினோராவது விதி. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எழுதியவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மயிலாப்பூரில் குடியிருந்தேன். பெட்ரோல் சேமித்து வைக்க லைசென்ஸ் கொடுக்கும் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் தற்காலிக குமாஸ்தாவாக இருந்தேன். தற்காலிகம் என்ற சொல்லை ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துத் தருவார்கள். வீட்டில் எவ்வளவு பெட்ரோல் வைக்கலாம், எந்தத் தகரத்தில் வைக்கலாம், அதற்கும் அடுப்புக்கும் எத்தனை அடி தூரம் வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுப்பிக் கேட்டவர் ஒருவரும் இல்லை. மோட்டார் சங்கத்தின் காரியதரிசி மட்டும் பகலில் வந்து கேட்டார். அவர் லஸ் பக்கத்தில் பெரிய வீடு வைத்திருந்த ஒரு வக்கீல். சங்கம் பந்தயம் நடத்தப் போகிறது, பெட்ரோல் வைக்க அனுமதி வேண்டும் என்று வந்தவர், நான் படிவத்தைப் பார்க்காமலே நிபந்தனைகளை ஒப்பிப்பதைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை சும்மாதானேப்பா இருக்கே?" என்றார். அப்படித்தான் நான் எரிபொருள் அதிகாரி ஆனேன். அலுவலகத்தில் கிடைக்காத அதிகாரி என்ற சொல் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்தது.

பந்தயம் பட்டணத்துக்கு வெளியே, யுத்தத்தின்போது போட்டுவிட்டு மறந்துபோன ஒரு விமான ஓடுதளத்தில் நடந்தது. வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. கால் மைல் நேர்க்கோடு. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடி இறங்கும். எண்ணி முடிப்பதற்குள் முடிந்துவிடும். ஆகவே வண்டியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதுதான் பாதிப் பந்தயம். பெரிய கார்களுக்குச் சாராயமும் பென்சாலும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்ற அனுமதி உண்டு. அவை ஓடினால் மைதானம் முழுக்கப் பிள்ளைக்குப் பேதிக்குக் கொடுத்த வீடு மாதிரி மணக்கும். மோட்டார் சைக்கிள்களுக்கு ஒரே விதி: ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கிற சாதாரண பெட்ரோல், வேறு எதுவும் கலக்கக் கூடாது.

என் கூடாரத்தை நான் ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன். ஓலைக் கொட்டகை கூடாது என்று கித்தான் போடச் சொன்னேன். தகரங்களை நிழலில் அடுக்கி ஈரச் சாக்கால் மூடினேன். மூடியை இரும்பால் தட்டாமல் மரச் சுத்தியால் தட்டினேன். புனலுக்குள் கம்பி வலை, வாசலில் மணல் வாளி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு பாம்பு மாதிரி ஊர்ந்து போய் முப்பது அடிக்கு அப்பால் இருக்கிற பீடியைத் தேடிப் பிடிக்கும். அதனால் "புகைக்காதே" என்று மூன்று மொழியில் பலகை எழுதி நட்டேன். சங்கத்தின் தலைவர் ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. அவர் பைப் புகைத்தபடி உள்ளே வந்தார். நான் பலகையைக் காட்டினேன். மிகவும் சரி என்று பாராட்டிவிட்டு, வெளியே போய், பலகையை நாலடி தள்ளி நட்டுவிட்டு, அது இருந்த இடத்தில் நின்று புகைத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது ஜனவரிப் பந்தயத்துக்குப் புது பாட்டில் கிடைக்கவில்லை. தலைவர் வீட்டிலிருந்து காலி விஸ்கி பாட்டில்கள் ஒரு சாக்கு நிறைய வந்தன, பொன்னெழுத்து லேபிளோடு. பட்டணத்தில் மதுவிலக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அரக்கும் வரவில்லை. மெழுகுவத்தி வந்தது.

"விதிப்படி இது செல்லாது சார்" என்றேன்.

"நன்னா அலம்பி வெயில்ல காய வெச்சாச்சு. விதின்னா கொஞ்சம் வளையணும்ப்பா, இல்லேன்னா ஒடஞ்சுடும்" என்றார் வக்கீல்.

ஆட்சேபம் தெரிவித்து ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்தேன். குறிப்பு எழுதியதும் எனக்கு மனம் லேசாகிவிடும். அந்தக் காலத்தில் அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மோட்டார் சைக்கிளில் வென்றவர் ஒரு மெக்கானிக். மயிலாப்பூரில் கால்வாய் ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் செய்தவர். நாற்பது வயதிருக்கும். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவர் பாய்தான், எனக்கும். அபிராமபுரத்து டாக்டர், மாட வீதி வக்கீல்கள், தியாகராய நகர் ஜவுளிக்கடைக்காரர் என்று அவரிடம் வண்டி விட்டவர்களுக்குக் குறைவில்லை. அதற்குக் காரணம் அவர் கைத்திறமை மட்டும் அல்ல. பெட்ரோல் கூப்பனுக்கு வந்த காலம். கொட்டகையில் விட்ட வண்டி திரும்பும்போது டாங்க் இளைத்திருப்பது ஊர் வழக்கம். இளைத்தது தெரியாமல் இருக்கச் சீமெண்ணெய் ஊற்றி நிரப்புவதும் வழக்கம். பாய் ஒரு மூங்கில் குச்சி வைத்திருந்தார். வண்டி உள்ளே வந்ததும் சொந்தக்காரர் கண்ணெதிரில் குச்சியை டாங்கில் விட்டு எடுத்து, ஈரம் எதுவரை என்று காட்டி, பிளேடால் ஒரு கீறல் போடுவார். வண்டி போகும்போது அதே குச்சி, அதே கீறல். இதற்காகவே மூன்று தெரு தள்ளியிருந்து வண்டி வரும்.

அவர் ஓட்டியது ராணுவம் கழித்துக்கட்டிய மூன்று மோட்டார் சைக்கிள்களைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்தது. எதிரில் நின்றது ஒரு மில் முதலாளியின் மாப்பிள்ளை, சீமையிலிருந்து வந்த புது வண்டியில். கொடி இறங்கியது. மாப்பிள்ளை வண்டி ஒரு நொடி யோசித்தது. பாயின் வண்டி யோசிக்கவில்லை.

ஓட்டத்துக்கு முன்பே மாதிரி எடுத்திருந்தேன். முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் பாட்டில்கள் மட்டும் பரிசோதனைக்குப் போகும். பாயின் டாங்கிலிருந்து இரண்டு விஸ்கி பாட்டில்கள் நிரப்பி, கார்க் அடித்து, மெழுகு உருக்கி ஊற்றி, லேபிளில் அவர் எண்ணும் என் கையெழுத்தும் போட்டது நான். ஒன்று அவர் கைக்குப் போனது. அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவரை வழியில் ஒரு போலீஸ்காரர் பிடித்தாராம்.

"இன்னா பாய், பந்தயத்துல ஜெயிச்சா பாட்லு குடுக்கறாங்களான்னு கேக்கறான் சார். பெட்ரோலுப்பா, மோந்து பாருன்னேன். மெழுகு வெச்சிக்கீது, இன்னாத்த மோப்பான்? கொஞ்ச நேரம் ஆட்டி ஆட்டிப் பாத்தான். அப்பறம், குடிச்சிப்புட்டு வண்டி ஓட்டாதேன்னு புத்தி சொல்லி அனுப்பிட்டான்."

இதைச் சொல்லும்போது சிரித்தார். அந்த வாரம் வரைக்கும் சிரிக்க அவருக்குக் காரணம் இருந்தது.

சங்கத்தின் மூன்று பாட்டில்கள் வக்கீல் வீட்டில் சமையலறையை ஒட்டிய உக்கிராண அறைக்குப் போயின. அங்கேதான் இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் என்றார். வியாழக்கிழமை அவற்றை ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வக்கீல் மாடியில் கட்சிக்காரரோடு இருந்தார். கொல்லைப் பக்கமாக அவர் வீட்டுச் சமையல்காரர் வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர்.

"அந்த மூணையும் எடுத்துண்டு போக வந்தியா? நல்ல வேளை. ஆம் பூரா பெட்ரோல் நாத்தம். ரசத்துல பெருங்காயம் போட்டேனா இல்லையான்னு எனக்கே தெரியலை."

மூன்று பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு, நீண்ட கழுத்துள்ள பன்னீர் பாட்டில்கள். மூன்றாவது குட்டையான, பச்சை நிறக் கண்ணாடி. மூன்றிலும் என் லேபிள், என் கையெழுத்து.

"இது இல்லையே மாமா."

"பின்னே? அந்தக் கண்றாவியை உக்கிராணத்துல வெச்சுண்டு நான் சமைப்பேனா? நானே சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அவரே சொல்லிட்டார். வக்கீலாத்துல மெழுகு ஒட்டின விஸ்கி பாட்டில் மூணு இருந்துதுன்னா பேப்பர்ல போட மாட்டாளா? ஜட்ஜாகணும்னு வேற இருக்கார். வேற பாட்டில்ல ஊத்தி வைங்கோன்னார், ஊத்திட்டேன். லேபிளை ஜலத்துல ஊறப் போட்டு, உரிச்சு, கோந்து தடவி ஒட்டியிருக்கேன் பாரு. ஒரு எழுத்து கலையலை."

உண்மைதான். ஒரு எழுத்தும் கலையவில்லை.

"இந்தப் பச்சை பாட்டில்?"

"ஆத்துக் கல்யாணத்துல மிஞ்சின பன்னீர் பாட்டில் ரெண்டுதான் இருந்தது. இது ரேஷன் கிருஷ்ணாயில் வாங்கற பாட்டில். சீயக்காய் போட்டு ரெண்டு தரம் அலம்பினேன். கார்க்கும் அதோடதுதான், கச்சிதமா இருக்கும்."

சீமெண்ணெய் ஊறிய அந்தப் பச்சை பாட்டிலில் இருந்தது பாயின் எண். சமையல்காரர் யாருக்கு எது என்று பார்த்து ஊற்றவில்லை. அவருக்குப் பாயையும் தெரியாது, மாப்பிள்ளையையும் தெரியாது. கையில் வந்த வரிசையில் ஊற்றினார். இந்தக் கதையில் கெட்ட எண்ணம் என்று எங்கேயுமே கிடையாது. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

மாடிப்படியில் வக்கீலின் தலை தெரிந்தது. "நேரமாச்சேப்பா, அங்கே காத்துண்டிருப்பா. கொண்டு போய்க் குடு" என்றார்.

முத்திரை உடைந்த மாதிரியை ஏற்கலாகாது. அதே இடத்தில், அதே படியில், ஒரு தாள் எடுத்து அதை எழுதி அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். என் வேலை நிரந்தரம் ஆகும் கோப்பு அப்போது மேஜைக்கு மேஜை நகர்ந்துகொண்டிருந்தது. என் பிரிவுத் தலைவர் வாராவாரம் அந்த வீட்டுக்குச் சீட்டாட வருகிறவர். நான் மூன்று பாட்டில்களையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். டிராமில் பெட்ரோல் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அதை மீறக் கூடாது என்று கல்லூரி வரைக்கும் நடந்தே போனேன்.

அறிக்கை பத்து நாளில் வந்தது. முதல் இடம் பெற்ற வண்டியின் மாதிரியில் கனமான எண்ணெய் கலந்திருக்கிறது, காகிதத்தில் விட்டு ஆறவிட்டால் பிசுக்குத் தங்குகிறது, சீமெண்ணெயாக இருக்கலாம். இரண்டாம் இடத்தின் மாதிரி தூய பெட்ரோல். விநோதமான, ஆனால் அருவருப்பு இல்லாத மணம் உள்ளது. முதல் பரிசுக் கோப்பை பன்னீர் மணத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்கு முன் விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். தலைவர், வக்கீல், இன்னொரு உறுப்பினர், மேஜை மேல் பச்சை பாட்டில். பாய் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நாற்காலி இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"சார், இது என் பாட்லு இல்ல. என்னுது நீட்டமா இருந்திச்சி, தங்க எழுத்து போட்ட விஸ்கி பாட்லு. அதே மாரி ஜோடி என் கிட்ட ஒண்ணு கீது. அத்தத் தொறந்து பாருங்க."

வக்கீல் சாய்ந்து உட்கார்ந்தார். "உங்கிட்ட சீல் வெச்ச விஸ்கி பாட்டில் இருக்கா? போலீஸுக்குத் தெரியுமா?"

மூன்றாவது உறுப்பினர் சிரித்தார். தலைவர் தம் பைப்பைத் தட்டிக் கொட்டினார். தம் வீட்டு பாட்டில்களைப் பற்றித்தான் பேச்சு என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பிறகு என்னிடம் திரும்பி ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த லேபிளில் இருப்பது உம்முடைய கையெழுத்துதானா?"

"ஆமாம்" என்றேன்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிலைப் பற்றிக் கேட்கவில்லை. கார்க்கைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று சர்க்கார் உத்தியோகத்தில் முதல் வாரத்திலேயே கற்றுத் தருவார்கள். நான் கெட்டிக்கார மாணவன்.

இரண்டாவது பாட்டிலைப் பரிசோதிக்க வேண்டுமானால் எழுத்து மூலம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பின் அடியில் ஒரு வரி இருந்தது. தீர்ப்பு, எரிபொருளில் கலப்படம் செய்த காரணத்தால் போட்டியாளர் நீக்கப்படுகிறார் என்பது. சங்கத்தின் பலகையில் ஒட்டினார்கள். அதைப் படித்தவர்களில் பாதிப் பேர் பாயிடம் வண்டி விடுகிறவர்கள்.

கலப்படம் என்றால் பந்தயத்தில் ஒரு பொருள். கூப்பன் காலத்துத் தெருவில் வேறு பொருள். பெட்ரோலில் சீமெண்ணெய் கலந்தான் என்றால், யாருடைய பெட்ரோலை எடுத்துக்கொண்டு கலந்தான் என்றுதான் கேட்பார்கள். அடுத்த வாரமே அபிராமபுரத்து டாக்டரின் டிரைவர் வந்து, வேலை பாதியில் இருந்த காரை எடுத்துப் போனான். போகும் முன் குச்சியை இரண்டு தரம் விட்டுக் காட்டச் சொன்னானாம். எட்டு வருஷமாக ஒரு தரம் போதுமாக இருந்தது.

நான் ஒரு மாலை அலுவலகத்திலிருந்து நேரே கொட்டகைக்குப் போனேன். எதிரே டீக்கடையில் ரிக்‌ஷாக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா பாய், வண்டிக்கு கிருஷ்ணாயிலு, வூட்டு வெளக்குக்கு பெட்ரோலா?"

"உன் ரிக்‌ஷாவுக்கு ரெண்டும் வாணாம், கஞ்சி ஊத்துனா ஓடும். குட்ச்சிட்டு கெளம்பு" என்றார் பாய், தலையைத் தூக்காமல். என்னைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"வா சார். உன் கையாலதானே ஊத்தினே? உன் கையாலதானே மெழுகு வெச்சே? அந்தப் பச்ச பாட்லு உன்னுதா?"

"இல்ல பாய்."

"அங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அவங்க அத கேக்கல."

"நான் இப்ப கேக்கறேனே."

சொன்னேன். உக்கிராணம், பன்னீர் பாட்டில், சீயக்காய் எல்லாம். கேட்டுக்கொண்டே கையைத் துணியில் துடைத்தார். பிறகு, "சீயக்காயா" என்று மட்டும் சொன்னார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கொட்டகையின் மூலைக்கு அழைத்துப் போனார். தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஆற்று மணல் குவித்து, அதில் இரண்டாவது பாட்டிலைக் கழுத்துவரை புதைத்திருந்தார். பானை கசிந்து மணல் எப்போதும் ஈரமாக இருந்தது. மேலே ஒரு கறுப்புத் துணி. என் பதினோராவது விதியை அந்தச் சங்கத்திலேயே சரியாகக் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

"எனக்கு கப்பு வாணாம் நைனா. கப்ப வெச்சிக்கினு இன்னா டீயா குடிக்கப்போறேன்? நான் கலக்கலன்னு ரெண்டே வரி. அவுங்க சீலு. அத்த இந்த செவுத்துல ஒட்டணும், வர்றவன் படிக்கணும். அவ்ளோதான். நீ எழுதித் தா."

அன்றே எழுதினேன். நான் அழகாக எழுதுவேன். ஆனால் அந்த மனுவில், "முத்திரையிட்ட பாட்டிலும் பரிசோதித்த பாட்டிலும் வேறு என்று மனுதாரர் நம்புவதற்குக் காரணம் உள்ளது" என்றுதான் எழுதினேன். மனுதாரர் நம்பினார், நான் பார்த்திருந்தேன். அந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் மறைப்பது சுலபம். அவர் நான் காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்தார். கிரீஸ் படிந்த கை. மைப்பெட்டியே தேவைப்படவில்லை.

மனு மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. தலைவர் பெயருக்கு நேராக எழுதப்பட்டிருக்கிறது. மேல்முறையீடுகள் காரியதரிசி வழியாகவே வர வேண்டும் என்று குறிப்பு. அது பத்தொன்பதாவது விதி. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். காரியதரிசியின் மேலேயே குறை சொல்ல வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. மறுபடி எழுதி வக்கீல் வழியாக அனுப்பினோம். பதில் இல்லை. நினைவூட்டினோம். பரிசீலனையில் இருக்கிறது என்று அஞ்சலட்டை வந்தது. பங்குனி போனது. வாரம் ஒரு முறை நான் கொட்டகைக்குப் போவேன். பாய் துணியை விலக்கி பாட்டிலைக் காட்டுவார். டாங்குக்கு வைத்திருந்த மூங்கில் குச்சியை இப்போது பாட்டிலுக்கு வெளியே நிறுத்தி, மட்டத்துக்குக் கீறல் போட ஆரம்பித்திருந்தார். டாங்குகள் வருவது நின்றிருந்தது.

கீறல்கள் கீழே இறங்கின. முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு புரிந்தது. அரக்கு இருக்க வேண்டிய இடத்தில் மெழுகுவத்தி. பெட்ரோல் ஆவி பட்டு மெழுகு வெண்ணெய் மாதிரி இளகியிருந்தது. பழைய கார்க் காய்ந்து சுருங்கியிருந்தது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் ஈர மணல் என்ன செய்துவிடும்?

அன்று வீட்டுக்குப் போனதும், நான் பார்த்ததை எல்லாம் என் பெயரில், என் கையெழுத்தில் எழுதினேன். மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடமே போனேன். அவர் நிதானமாகப் படித்தார். கோபப்படவில்லை.

"இதை நீ ஜனவரியில சொல்லியிருக்கணும்."

"ஆமாம் சார்."

"இப்ப சொன்னா, அப்ப ஏன் சொல்லலைன்னு உன்னைத்தான் கேப்பா. என்னைக் கேக்க மாட்டா. கேட்டதுக்கு பதில் சொன்னே, அதுல ஒண்ணும் தப்பில்லை. குடு, கமிட்டியில வெக்கறேன்."

மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார். இழுப்பறை நன்றாக எண்ணெய் போட்டது. சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. அடுத்த வாரம் என் வேலை நிரந்தரம் ஆனதாக உத்தரவு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று நாற்பது ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். இருக்கலாம்.

அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது பாய் சங்கிலியும் ஸ்பானர்களும் ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வாணியம்பாடியில் லாரி ஷெட் வைத்திருக்கிற உறவுக்காரர் கூப்பிடுகிறார், மாதக் கடைசியில் கொட்டகையை ஒப்படைத்துவிடப் போவதாகச் சொன்னார்.

"அதுக்குள்ள லெட்டர் வந்துச்சின்னா இந்த பாட்ல நீயே எத்துகினு போயி குடுத்துடு சார்."

அப்போதுதான் சொன்னேன். சொல்லாமல் இருக்க இன்னும் ஒரு வழி இருந்திருந்தால் அதையும் தேடியிருப்பேன்.

"பாய், இதக் குடுக்கக் கூடாது. பெட்ரோல்ல லேசானதுதான் மொதல்ல ஆவியாப் போகும். கனமானது அடியில தங்கும். இப்ப இத டெஸ்ட் பண்ணா, கனமான எண்ணெ இருக்குன்னுதான் வரும்."

"கனமானதுன்னா?"

"கலந்திருக்குன்னு எழுதுவாங்க."

அவர் பாட்டிலை மணலிலிருந்து எடுத்தார். துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான் வெச்சிருந்த சாட்சி. இத்தினி நாளு பானத் தண்ணி ஊத்தி வளத்தேன். இதுவே என்னத் திருடன்னு சொல்லுமா?"

"சொல்லும்."

"பொய்யி."

"பொய் இல்ல பாய். மிச்சம் இருக்கறத சொல்லும்."

சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மெழுகை நகத்தால் சுரண்டி, கார்க்கைப் பல்லால் கடித்து இழுத்தார். முத்திரை இப்படி உடையக் கூடாது என்று என் வாய்வரை வந்தது. பந்தய வண்டியின் டாங்க் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. மூடியைத் திருகி, பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை ஆட்டினார். நாலாவது உதையில் வண்டி கிளம்பியது. கால்வாய் ஓரமாகத் தெற்கே போனார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

நான் காத்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அடையாத்துப் பாலம் தாண்டி, எலியட்ஸ் பீச்சுக்கு போற ரோட்டுல பாதி வரைக்கும் போச்சி. ஒரு இருமல் கெடையாது சார். ஒரு பொக கெடையாது. கிருஷ்ணாயிலு கலந்திருந்தா இருமும், பொகையும். எனக்குத் தெரிஞ்சி போச்சி. போதும்."

அவருக்குத் தெரியாததல்ல. தெரிய வேண்டியவர்கள் வேறு. காலி பாட்டிலைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். "உன் கையெழுத்து போட்டுக்கீது. நீயே வெச்சிக்க."

மாதக் கடைசியில் கொட்டகையில் வேறொருவர் வெற்றிலை மண்டி போட்டார். சுவரில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

பதில் பாயின் பெயருக்கு, என் முகவரிக்கு வந்தது. சங்கத்தின் தலைப்பிட்ட தாள். மேல்முறையீடு ஏற்கப்படுகிறது. எரிபொருள் அதிகாரியின் வாக்குமூலம் பதிவு செய்யப்பட்டது. எனினும் மாதிரியைப் பற்றிய ஐயத்தை மாதிரியே தீர்க்க முடியும் ஆதலால், பதினோராவது விதியின்படி, போட்டியாளர் தம் பொறுப்பிலுள்ள இரண்டாவது பாட்டிலை, முத்திரை உடையாமல், கழுத்துவரை நிரம்பிய நிலையில், இக்கடிதத்தின் தேதியிலிருந்து ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் முந்தைய முடிவே நிற்கும். விதியை முழுவதுமாக மேற்கோள் காட்டியிருந்தார்கள். ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை.

கீழே வக்கீலின் கையெழுத்து, அதற்குக் கீழே மே மாதம் மூன்றாம் தேதி. மூன்றாம் தேதி அந்த பாட்டில் இன்னும் மணலில் இருந்தது, முத்திரையும் உடையாமல் இருந்தது. கடிதம் என் கைக்கு வந்து சேர்ந்தது 1949 ஜூன் 23, வியாழக்கிழமை.